பாதி மொட்டையில் எழுப்பிய பெட்டி

மொட்டை,

இன்று காலை உன் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். எட்டு மாம்பழ சீசனின் தூசி மேசைமேல் கொட்டியது. கூடவே ஒரு வாசனை வந்தது. காய்ந்துபோன தோத்தாபுரி மாம்பழச் சாற்றின் புளிப்பு வாசனை. N எழுத்துக்கும் M எழுத்துக்கும் நடுவே மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கொண்டை ஊசியால் கிளறி எடுத்துப் பார்த்தேன், மாம்பழ நார். இந்த எடைமேடை ரூமில் ஒரு கையில் மாம்பழமும் ஒரு கையில் வேலையுமாக உட்கார்ந்த ஆள் நீ ஒருவன்தான். போன பிறகும் மேசையை அசிங்கம் பண்ணுகிறாயே என்று திட்டினேன். அப்புறம் அந்த நாரைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. சீட்டு ஒன்றைக் கிழித்து அதில் மடித்து வைத்திருக்கிறேன். சிரிக்காதே.

எங்கள் எடைமேடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் பெட்டி வந்திருக்கிறது. அதை மாட்டத் திருப்பதியிலிருந்து ஒரு பெண் வந்தாள், இன்ஜினியரிங் படித்த பெண். பழைய பெட்டியில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு எடுத்துப் போக வேண்டும் என்றாள். "இரும்மா, கீபோர்ட தொடச்சிக் குடுக்கறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். சுத்தம் செய்யவா வாங்கினேன்? கொஞ்ச நேரம் கடத்தத்தான். அழிக்கிறது என்ற வார்த்தை எனக்கு உன்னால் ஆகாமல் போய்விட்டது.

நகரியில் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட என்னை, சித்தூரில் இந்த மாம்பழக்கூழ் கம்பெனியின் எடைமேடையில் உட்கார வைத்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள் மட்டும்தான். இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வேன், சேர்த்துப் படிக்க வராது. லாரி மேடையில் ஏறினால் மீட்டரில் எடை வரும். அது ஒரு ஒயர் வழியாகப் பெட்டிக்குள் போகும். நான் லாரி நம்பரை அடித்தால் சீட்டு வெளியே வரும். அந்த ஒயரும், பெட்டி ரிப்பேர் பார்க்க வருகிற நீ கொண்டு வந்ததுதான். மீட்டரின் வால் பழைய காலத்து வால், பெட்டியின் யூஎஸ்பி ஓட்டைக்குப் பொருந்தாது என்று நடுவில் ஒரு துண்டு ஒயரை மாட்டினாய். பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும் அதில்.

உனக்கும் எனக்கும் ஒரே வயசு. இருந்தாலும் முதல் நாளே "யக்கா" என்றாய். உன் தலையைப் பார்த்து நான் "மொட்டை" என்றேன். அதோடு கணக்கு நேராயிற்று. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை திருமலைக்குப் போய் முடியைக் கொடுத்துவிட்டு வருவாய். என்ன வேண்டுதல் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாய்.

"பெருமாளுக்கே போதும்னு தோணியிருக்கும், நீ உட மாட்டேன்றியே" என்பேன்.

"வளருது, குடுக்கறேன். உனுக்கு இன்னா நஷ்டம்?" என்பாய்.

எட்டு வருஷம் முன்னால் ஒரு சீசன் ஆரம்பத்தில் வந்த வம்பு டிரைவர்களால் வந்தது. எடை போட வருகிறவர்கள் பெட்டியின் ஓட்டையில் போனைச் சொருகி சார்ஜ் ஏற்றினார்கள். ஒருவர் பாட்டு இருக்கிற பென்டிரைவைச் சொருகி, "ஒரு பாட்டு போடுக்கா" என்றார். நானும் போட்டேன், அது வேறு விஷயம். மேனேஜர் வந்து பார்த்துவிட்டுக் குதித்தார். யாராவது எடை விவரத்தையெல்லாம் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்களாம். பென்டிரைவ் என்று ஒன்று இருப்பதே இந்தப் பெட்டிக்குத் தெரியக்கூடாது என்று உனக்கு உத்தரவு.

நீ ஸ்கூட்டரில் வந்து இறங்கினாய். "கெர்னலத் திருப்பி கட்டணும் யக்கா" என்றாய்.

"அது இன்னாது?"

"பொட்டி எழுந்ததும் மொத மொத கண்ணு முழிக்கிறது அதுதான். நம்ம கேட்டு வாட்ச்மேன் மாதிரி. யாரு யாருக்குப் பாஷை தெரியுமோ அவங்களோடதான் பேசும். பென்டிரைவ் பாஷைய மறக்கடிச்சிட்டா, எவன் வந்து சொருகினாலும் முழிச்சிக்கினு நிக்கும்."

"ஒரு கதவ சாத்தறதுக்கு ஊட்டையே இடிச்சிக் கட்டறியே!"

"அதுல ஒரு குஷி கீது. உனுக்குப் புரியாது."

நீலத் திரையில் நீண்ட பட்டியல் ஒன்று வந்தது. ஒவ்வொரு வரிக்கும் மூன்று பதில் என்று சொன்னாய். வேண்டும் என்றால் Y. வேண்டாம் என்றால் N. "M-முன்னா, கேட்டுக்கு வெளிய நிக்கட்டும், கூப்பிட்டா உள்ள வரட்டும்னு அர்த்தம்." கீபோர்டுக்கு Y, எடை ஒயருக்கு M, பென்டிரைவுக்கு N. அவ்வளவுதான் வேலை. என் நாத்தனாருக்கு எந்த எழுத்துப் போடலாம் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "M போடு. N போட்டா உன் ஊட்டுக்காரு கோச்சிப்பாரு" என்றாய். இன்றைக்கும் அவள் M-மில்தான் இருக்கிறாள், சௌக்கியமாக.

அதற்குள் இறக்குமிடத்திலிருந்து யாரோ இரண்டு பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நீ அதைப் பார்த்தாய். அது உன்னைப் பார்த்தது. முழங்கை வரை சாறு வழியத் தின்றுவிட்டு, "யக்கா, கையி பிசுபிசுன்னு கீது. நான் கொழாய்க்குப் போய்ட்டு வரேன். யூஎஸ்பின்னு போட்டுக்கினு கீதே, அதுல கீழ போய்க்கினே இரு. ஸ்டோரேஜ்னு ஒரு வரி வரும், S-ல ஆரம்பிக்கும். அதுல N அமுத்து" என்று வெளியே போனாய்.

U, S, B. மூன்றும் எனக்குத் தெரிந்த எழுத்துகள். முதல் வரியிலேயே இருந்தன. கீழே போகச் சொன்னது என் காதில் விழுந்ததா, விழுந்தும் நான் துள்ளினேனா, இன்று வரை எனக்கே தெரியவில்லை. N-னை அமுக்கினேன். அதன் கீழே வரிசையாக நின்ற அத்தனை வரியும் மாயமாகிவிட்டது. ஒரே அமுக்கில் இவ்வளவு வேலை முடிந்துவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"முடிஞ்சிதா?" என்று குழாயடியிலிருந்து கேட்டாய்.

"சுத்தமா முடிச்சிட்டேன்!"

என்னை நம்பினாய். திறந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. ஒரு பிழையும் வரவில்லை என்று உன் மூஞ்சியில் அப்படி ஒரு சந்தோஷம். பெட்டி எழும்போது எதை எழுப்ப என்று காட்டும் பட்டியலில் புதியதை முதல் வரியாகவும் பழையதை இரண்டாம் வரியாகவும் வைத்தாய். பழைய துணிபோல அது எதற்கு, கடாசிவிடேன் என்றேன். அப்போதுதான் சொன்னாய்: "ஓடிக்கினு இருக்கறத அழிக்கக் கூடாது யக்கா. புதுசு மொதல்ல ஓடிக் காட்டட்டும்."

புறப்படும் முன், "ஒரு தடவ அணைச்சி எழுப்பிப் பாத்துட்டுப் போறேன்" என்று நின்றாய்.

நான்தான் உன்னை விரட்டினேன். "கேட்ல லாரி நிக்குது மொட்டை! காலைல நான் வந்து போட்டா தானா எழும்புது. நீ கெளம்பு."

நீயும் கிளம்பிப் போய்விட்டாய்.

மறுநாள் காலை பெட்டி நன்றாகத்தான் எழுந்தது. பேரைச் சொல், பாஸ்வேர்டைச் சொல் என்று கேட்டது. நான் அடிக்கிறேன், திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை. கீபோர்டில் விளக்கு இல்லை. எடை ஒயரின் பச்சைப் பொட்டும் இல்லை. மீட்டரில் எடை தெரிகிறது, பெட்டிக்குப் போகவில்லை. வெளியே மாங்காய் லாரிகள் கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்றன. நோட்டில் கையால் எழுதிச் சீட்டுத் தருகிறேன் என்று போய் நின்றேன். பங்காருபாளையம் பக்கத்து விவசாயி ஒருவர் லாரியிலிருந்து இறங்கி வந்தார்.

"கையால எழுதறது வேணாம்மா. போன வருஷம் ஒரு எடத்துல ஏழ ஒண்ணுன்னு படிச்சிட்டாங்க. மிஷின் சீட்டு குடு. இல்லன்னா வண்டிய எறக்க மாட்டேன்."

அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வெயில் ஏறியது. தார்ப்பாய்க்கு அடியில் காய் சூடேறும் வாசனை உனக்குத் தெரியும். முதல் லாரியின் பலகை இடுக்கில் சாறு சொட்டத் தொடங்கிவிட்டது. மேனேஜர் வந்தார்.

"ஏமாயிந்தம்மா?"

என்ன ஆயிற்று என்று தெரிந்தால் நான் ஏன் இப்படி நிற்கிறேன்? "மொட்டைக்குப் போன் பண்றேன் சார்" என்றேன். இன்று மதியத்துக்குள் சீட்டு வரவில்லை என்றால் நாளை முதல் இந்த நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வேலை இல்லையென்றால் என் வீட்டு அடுப்பு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் இடுப்பு ஆபரேஷன் ஆகியிருந்தது.

நீ போனை எடுத்தபோது பின்னால் ஒரே இரைச்சல். தண்ணீர்ச் சத்தம். கோவிந்தா சத்தம்.

"எங்கடா கீற?"

"மேல. திருமலைல. மொட்டை போட்டுக்கினு கீறேன். பாதி ஆயிடுச்சு. சொல்லு."

சொன்னேன். கீபோர்டு செத்துவிட்டது, ஒயர் செத்துவிட்டது, நானும் சாகப்போகிறேன் என்று. கேட்டதுமே உனக்குப் புரிந்திருக்கும், நான் எந்த வரியில் N அமுக்கினேன் என்று. ஆனால் அதைக் கேட்கவில்லை.

"யக்கா, பொட்டிய அணைச்சி எழுப்பு. கறுப்பா ஒரு லிஸ்ட் வரும். அஞ்சு எண்ணும். அதுக்குள்ள கீழ் அம்ப ஒரு தடவ அமுத்து, எண்டர் தட்டு."

"கீபோர்டுதான் செத்துப்போச்சுன்றேனே!"

"அந்த நேரத்துல உசுரோட கீது. அப்ப அத பொட்டியே பாத்துக்கும். கெர்னல் எழுந்து வந்தப்புறம்தான் அதுக்குப் பாஷை தெரியாம போவுது."

"தல கதப்பொத்து சாமி!" என்று நாவிதர் கத்துவது கேட்டது. தலையை ஆட்டாதே என்று. "ரெண்டு நிமிஷம் சாமி, ரெண்டே நிமிஷம்" என்று நீ அவரிடம் கெஞ்சினாய்.

முதல் தடவை அம்பு எங்கே என்று நான் தேடுவதற்குள் அஞ்சும் ஓடிப்போயிற்று. இரண்டாம் தடவை அம்பை இரண்டு முறை அமுக்கிவிட்டேன், அது சுற்றிக்கொண்டு மறுபடி முதல் வரியில் போய் நின்றது. "விடு, மறுபடி அணை" என்றாய். உன் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் உன்னைத் திட்டுவது மட்டும் தெலுங்கிலும் தமிழிலும் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் தடவை கீழ் அம்பு, எண்டர். வெள்ளை எழுத்து ஓடி நின்றது. கீபோர்டில் விளக்கு வந்தது. மீட்டர் ஒயரில் பச்சைப் பொட்டு கண்ணைச் சிமிட்டியது. முதல் லாரியின் சீட்டு கரகரவென்று வெளியே வந்தபோது நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

"வந்திடுச்சுடா மொட்டை!"

"பாதி மொட்டைன்னு சொல்லு" என்று போனை வைத்தாய்.

அடுத்த நாள் முழு மொட்டையோடு வந்தாய். மேனேஜர் எடைமேடை ரூமிலேயே வந்து நின்றார். யாருடைய தப்பு என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தப்பு செய்தவர் இந்தக் கேட்டுக்குள் இனி வரக்கூடாது. அந்த N-தான் வினை என்று அதற்குள் எனக்கும் புரிந்திருந்தது. நான் வாயைத் திறந்தேன். ஊரையே கேலி பேசுகிற வாய் அது. அன்று அதிலிருந்து காற்றுதான் வந்தது.

"தப்பு என்னுது சார். அணைச்சி எழுப்பிப் பாக்காம போனது நான்தான்" என்றாய்.

மூன்றாவதாக ஒரு சரியான கெர்னலைக் கட்டி, அதை முதல் வரியாக வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் ஸ்கூட்டரை உதைத்துப் போனாய். அந்த சீசன் முழுக்க உன்னைக் கேட்டுக்குள் விடவில்லை. காணிப்பாக்கம் போகிற ரோட்டில் உன் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால், நீ எங்களைத் தாண்டி வேறு கம்பெனிக்குப் போகிறாய் என்று தெரியும். எனக்குச் சீட்டைக் கிழிக்கக் கை வராது.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்கு பஸ் ஏறி உன் கடைக்கே வந்தேன். மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். சால்டரிங் கம்பியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"சொல்லிட்டு இன்னா பண்ணப் போற? எனுக்கு நூறு கேட்டு கீது. உனுக்கு அந்த ஒரே கேட்டுதான்." அதோடு, கடையின் மூலையிலிருந்து தூசி படிந்த கீபோர்டு ஒன்றை இழுத்துப் போட்டாய். அதன் வாலில் யூஎஸ்பி இல்லை, உருண்டை முனை. "இத மாட்டிக்கோ. இது யூஎஸ்பி வழில வராது, வேற வழி. எந்த கெர்னல்ல நீ எத்தன N போட்டாலும் இது சாவாது."

அடுத்த வருஷம் வேறு ஆட்களெல்லாம் வந்து பெட்டியைக் குடைந்துவிட்டுப் போன பிறகு, மேனேஜரே உன்னைக் கூப்பிட்டார். எதுவும் நடக்காததுபோல வந்து உட்கார்ந்து மாம்பழம் கேட்டாய். நானும் உண்மையைச் சொல்லவே இல்லை. முதலில் பயத்தில் சொல்லவில்லை, பிறகு வழக்கமாகிவிட்டது.

போன புரட்டாசியில் நெஞ்சு வலி என்று படுத்தவன் எழவில்லை. நான் வந்தபோது உன் தலையில் அரை அங்குலத்துக்கு முடி இருந்தது. உன்னை முடியோடு பார்த்தது அன்றைக்குத்தான். நன்றாகத்தான் இருந்தாய். அங்கேதான் உன் வீட்டுக்காரி சொன்னாள். பெரிய வேலை ஒன்றை ஏற்றுக்கொண்டால், அது பிழையில்லாமல் முடிந்தால் முடி தருகிறேன் என்று வேண்டிக்கொள்வாயாம். எனக்குக் கணக்குப் போட வெகுநேரம் ஆகவில்லை. அன்று நீ மேலே போய் உட்கார்ந்திருந்தது எங்கள் பெட்டிக்காக. எழாத பெட்டிக்குப் பாதி முடி கொடுத்துவிட்டு, மீதிப் பாதியில் அதை எழுப்பியிருக்கிறாய்.

இப்போது இன்றைய கதை. நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் தன்னுடைய யூஎஸ்பி கீபோர்டைப் பழைய பெட்டியில் மாட்டி எழுப்பினாள். கறுப்புப் பட்டியல் வந்தது.

"ஆண்ட்டி, யாரோ தமிழ்ல பேரு வெச்சிருக்காங்க, இங்கிலீஷ் எழுத்துல. மாங்கான்னு ஒண்ணு. பழசுன்னு ஒண்ணு. மூணாவது…" அவள் குனிந்து படித்தாள். "தப்பு என்னுது."

எட்டு வருஷமாகத் தினமும் காலையில் அந்த மூன்று வரியும் என் முன்னால் வந்து அஞ்சு எண்ணிவிட்டுப் போயின. முதல் வரி நல்ல வரி என்பது மட்டுமே எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் ஆசைப்பட்டு மூன்றாவதை எழுப்பினாள். "ஐயோ, கீபோர்டு செத்துடுச்சு ஆண்ட்டி!"

"அணைச்சிட்டு இத சொருகு" என்று உன்னுடையதைக் கொடுத்தேன். மறுபடி அதே வரியில் எழுப்பினாள். நீ சொன்னபடியே உன் கீபோர்டு மட்டும் உயிரோடு இருந்தது. அவள் எதையோ திறந்து பார்த்தாள். உதட்டைச் சுழித்தாள்.

"யூஎஸ்பியே வேணாம்னு போட்டு வெச்சிருக்காரு. இவ்ளோ சின்ன தப்பா? அப்ப தொழிலுக்குப் புதுசா அவரு?"

மேனேஜர் வாசலில்தான் நின்றிருந்தார். என் வாயிலிருந்து இந்தத் தடவை காற்று வரவில்லை.

"அவரு இல்லம்மா. அந்த N-ன அமுத்தினது நான். கீழ போய் அமுத்துன்னாரு, நான் மேலயே அமுத்திட்டேன். எழுப்பிப் பாக்கறேன்னு நின்னவரத் தொரத்தினதும் நான்தான் சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் இப்போது தலையில் முடி இல்லை, ஆனால் அது வேண்டுதல் இல்லை. என்னைத் திட்டுவார் என்று நின்றேன்.

"ஆயன்ன நேனு கேட்டு பைட்ட நிலபெட்டானேம்மா" என்றார். அவரை நான் கேட்டுக்கு வெளியே நிறுத்தினேனே என்று. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இறக்குமிடம் பக்கம் போய்விட்டார்.

"இந்த மூணாவத அழிச்சிடவா ஆண்ட்டி?"

"அத மட்டும். பட்டனு நான் அமுத்தறேன்."

அவள் முதல் வரியில் எழுப்பி என்னவோ அடித்தாள். Y-யா N-னா என்று பெட்டி கேட்டது. இந்தத் தடவை முழுசாகப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் Y-யை அமுக்கினேன். மற்ற இரண்டு வரியும், இந்தப் பெட்டியும், புதியது ஒரு சீசன் முழுக்க ஓடிக் காட்டும் வரைக்கும் மேசைக்கு அடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

புதுப் பெட்டியை மாட்டி முடித்ததும் அவள் பையை எடுத்தாள். என் எதிரில் ஒரு தடவை அணைத்து எழுப்பிக் காட்டச் சொன்னேன். காட்டினாள். இன்னொரு தடவை என்றேன்.

"கேட்ல லாரி நிக்குது ஆண்ட்டி."

"நிக்கட்டும்."

மூன்று தடவையும் ஒழுங்காக எழுந்தது, மொட்டை. முடி தருகிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். பெண்கள் கொடுப்பதுபோல மூணு கத்தரி வெட்டுதான், முழுசாகக் கேட்காதே. அதுவும் சீசன் முடிந்து, பெட்டி ஓடிக் காட்டிய பிறகுதான் மலையேறுவேன். உன்னை மாதிரி மறுநாளே போய் உட்கார்ந்துவிட மாட்டேன்.